தீவகம் கொடுத்த வாக்கு

இலங்கையில் தேசிய ஒற்றுமை பற்றிப் பேச எழும்பும் எவரும் நயினாதீவைத் தொடாமல் உட்காருவதில்லை. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்குள் பள்ளிவாசலும் உண்டு. குறிகட்டுவானில் படகேறி வரும் தென்னிலங்கை யாத்திரிகர் பலர் விகாரையில் பூ வைத்துவிட்டு அம்மன் வாசலிலும் கைகூப்பி நிற்கிறார்கள். அமைச்சர்மார் வந்தால் இரண்டு இடத்திலும் படம் எடுக்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘நல்லிணக்கத்தின் சின்னம்’ என்று தலைப்புப் போடுகிறார்கள்.

படத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்கிறது. இலங்கைத் தமிழர் பிரச்சினை யார் எங்கே கும்பிடுவது என்பதிலிருந்து வளர்ந்ததன்று. அரசு எந்த மொழியில் கடிதம் எழுதும், காணியை யார் பகிர்ந்து கொடுப்பது, பல்கலைக்கழகத்துக்கு எத்தனை புள்ளியில் எடுப்பது, கலவரம் மூண்டால் உயிருக்கு யார் பொறுப்பு என்பவைதான் அதை வளர்த்த கேள்விகள். இரண்டு வழிபாட்டிடங்கள் அருகருகே இருந்தும் 1958-இல் விகாரை தப்பவில்லை. தெற்கில் தமிழர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது இங்கே அது சேதமாக்கப்பட்டது. 1986-இல் படையினரின் கையில் அம்மன் கோயிலும் தப்பவில்லை. பக்தி இரு தரப்பிலும் குறைவில்லாமல் இருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தன.

ஆகவே தீவகத்தை வைத்து ஒற்றுமையைப் பற்றி எழுதுவதென்றால் வேறொரு கணக்கைத்தான் பார்க்கவேண்டும். இத்தீவுகள் நாட்டுக்கு எப்போது என்ன கொடுத்தன, நாடு பதிலுக்கு என்ன உறுதி கொடுத்தது என்ற கணக்கு அது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் சேர்ந்தாலும் சனத்தொகையில் சிறிய பகுதி. கணக்கு மட்டும் நீளமானது.

பழைய பதிவிலிருந்து தொடங்குவோம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960-களில் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, பிறநாட்டு வணிகர் வந்து இறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்பது ஆணையின் சாரம். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் பண்டாரத்துக்கு நாலில் ஒன்று, உடையவருக்கு மூன்று. சாதாரண வணிகப் பொருளோடு வந்த கலம் உடைந்தால் சரிபாதி. சிங்கள அரசன் இதை எழுதுவித்தது தமிழில்.

இதைக் காட்டி “அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள்” என்று கண்ணீர் விட எனக்கு விருப்பமில்லை. பராக்கிரமபாகு போர்வெறி கொண்ட அரசன். பாண்டிநாட்டுக்கும் பர்மாவுக்கும் படை அனுப்பியவன். அவனுக்குக் குதிரையும் யானையும் வேண்டியிருந்தன. அதனால் வணிகரும் வேண்டியிருந்தார்கள். ஆனால் வேண்டியவரை எப்படி நம்பவைப்பது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கரையில் இறங்குபவனுக்கு விளங்கும் மொழியில், அவனுடைய பொருளுக்கு இத்தனை பங்கு என்று கணக்காக, கல்லிலே எழுதிவைத்தான். நல்லெண்ணம் பற்றி ஆணையில் ஒரு பேச்சும் இல்லை. எண்ணூறு ஆண்டு கழித்து வந்த அரசுகள் மேடைகளில் நல்லெண்ணத்தை அள்ளி வழங்கின. பங்கை எழுதிக் கொடுக்கும் இடத்தில் அவற்றின் கை இழுபட்டது.

மகாவம்சத்துக்கும் மணிமேகலைக்கும் பொதுவான கதை ஒன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். நாக அரசர் இருவர் மணி பதித்த ஆசனத்துக்காகப் போரிட்டார்கள். புத்தர் வந்து இடையில் நின்று சமாதானம் செய்தார். பாளியிலும் தமிழிலும் கதை ஒன்றே. மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வோர் பலர், மாறுபடுவோரும் உண்டு. எப்படியானாலும் தமிழில் எழுதப்பட்ட பௌத்தக் காப்பியம் ஒன்று இருக்கிறது, வடக்கில் கந்தரோடையிலும் நெடுந்தீவின் வெடியரசன் கோட்டைப் பக்கத்திலும் பழைய பௌத்தச் சின்னங்கள் இருக்கின்றன. நம்மவரில் பலர் அந்தக் கற்களைக் கண்டால் வாய் திறப்பதில்லை, தொல்பொருள் திணைக்களத்தின் பலகை வந்து நின்றுவிடுமோ என்ற பயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தெற்கில் பலர் பௌத்தம் என்றால் சிங்களம் என்றே படித்து வளர்ந்தவர்கள். தமிழ்ப் பௌத்தர் என்று ஒரு கூட்டம் வாழ்ந்ததை ஒத்துக்கொள்ள இரு தரப்புக்கும் மனமில்லாததால், இரண்டு பேருக்கும் உரிய கல் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகிறது.

இனி இருபதாம் நூற்றாண்டு. ஒற்றுமை வேண்டும் என்ற குரல் வடக்கிலிருந்து எழுந்த காலம் ஒன்று உண்டு என்பதை இன்றைய இளையவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1924-இல் தொடங்கி, பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று அறியப்பட்ட இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் தலைமையில் முழு இலங்கைக்கும் சுயராச்சியம் கேட்டது. சாதி வேற்றுமையை எதிர்த்தது. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்றது. 1926-இல் இளம் பண்டாரநாயக்க யாழ்ப்பாணம் வந்து சமஷ்டி ஆட்சிதான் இந்நாட்டுக்குப் பொருந்தும் என்று பேசியது இவர்கள் அமைத்த மேடையில். 1927-இல் காந்தியை அழைத்து வந்தவர்களும் இவர்களே. டொனமூர் அரசியலமைப்பு முழு விடுதலை தரவில்லை என்று சொல்லி 1931-இன் அரசாங்க சபைத் தேர்தலை இவர்கள் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை.

அந்த நான்கு வெற்று ஆசனங்களை நினைத்துப் பாருங்கள். தமிழருக்குத் தனியாக எதுவும் கேட்டு அவற்றை விடவில்லை. முழு நாட்டுக்குமான விடுதலை கேட்டு விட்டார்கள். தெற்கிலிருந்து வாழ்த்துத் தந்திகள் வந்தன, பகிஷ்கரிப்பு வரவில்லை. தென்னிலங்கைத் தலைவர்கள் தேர்தலில் நின்று, வென்று, குழுக்களில் அமர்ந்தார்கள். வடக்கின் இடங்கள் 1934-இல் இடைத்தேர்தல் நடந்தபோதுதான் நிரம்பின. வாலிபர் காங்கிரஸ் ஏமாந்த கதை என்று இதைச் சிரித்துத் தள்ளும் தமிழ்த் தேசியவாதிகள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தன் ஆசனத்தை நாட்டுக்காக வெறுமையாக விட்ட தொகுதி வேறு எந்த மாகாணத்தில் இருந்தது?

1936-இல் நடந்தது இன்னும் கூர்மையானது. வேலணையில் பிறந்த வைத்திலிங்கம் துரைசுவாமி ஊர்காவற்றுறைத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார், சபாநாயகராகவும் தெரிவானார். 1947 வரை அந்த ஆசனத்தில் இருந்தார். சிங்களப் பெரும்பான்மைச் சபையொன்று தீவகத்தானைத் தன் தலைவனாக ஏற்றது சிறிய காரியமில்லை. அதே ஆண்டு, அதே சபையில், அமைச்சர்கள் எல்லோரும் சிங்களவர்களாக அமையும்படி குழுக்கள் பிரிக்கப்பட்டன. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம், ஒரு தமிழர், என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் தனித் தமிழ் நாடு கேட்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் அவரும் ஒருவர். ஒருவருக்கு உயர்ந்த நாற்காலி. ஒரு சமூகத்துக்கு அதிகாரமில்லை. இலங்கையில் ஒற்றுமை என்ற பெயரில் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த அச்சில் வார்க்கப்பட்டது. பின்னாளில் லக்ஷ்மன் கதிர்காமர் வெளிநாட்டமைச்சராக இருந்தபோதும், நம் ஊர் அமைச்சர்மார் இருந்தபோதும் அச்சு மாறவில்லை.

மேடையில் பேசப்படாத ஒற்றுமை வேறிடத்தில் இருந்தது. தீவகத்தாரின் தொழில் கடை. குடாநாட்டில் கமம் செய்யத் தோட்டமும் உத்தியோகம் பார்க்க மிஷன் பாடசாலையும் அமைந்தவர்கள் இவர்களைக் கொஞ்சம் கீழாகவே பார்த்தார்கள். உவர்நிலத்துத் தீவாருக்குக் கடல் கடந்த வியாபாரமே வழி. கொழும்பிலும் தெற்கின் சிறு பட்டினங்களிலும் சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை, சுருட்டுக்கடை வைத்தார்கள். பெடியனாகப் போய்ப் பட்டறையில் நின்றவன் சில வருடத்தில் சிங்களம் பேசினான், கடன்கொப்பியில் சிங்களப் பெயர்களை எழுதினான், வெசாக்குக்குக் கடைவாசலில் கூடு கட்டினான். வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தான். கடையின் இலாபத்தில் புங்குடுதீவிலும் வேலணையிலும் கல்வீடும் கோயில் கோபுரமும் எழும்பின.

1958, 1977, 1983. மூன்று முறையும் எரிந்தவற்றில் இந்தக் கடைகள் முன்வரிசை. அயலவனான சிங்களவனே தன் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய கதைகளும் தீவகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன, அவை உண்மை. ஆனால் அயலவன் காப்பாற்றவேண்டி வந்ததே பொலிஸ் காப்பாற்றாததால். மனிதருக்கிடையில் இருந்த நம்பிக்கை சாகவில்லை, அதற்கு மேலே பிடித்திருக்கவேண்டிய அரசு என்ற கூரைதான் இல்லாமல் போனது. 1983-க்குப் பிறகு புங்குடுதீவான் கடை வைத்தது சூரிச்சிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும்.

இப்போது இக்கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினராக 1960-களில் இருந்தவர் வி. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் மூளை என்று பெயரெடுத்த சட்டத்தரணி. ஆட்பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் கட்சியோடு முறிந்து, சுயாட்சிக் கழகம் அமைத்து, சமஷ்டி இனிப் பயனில்லை, தனியாட்சிதான் வழி என்று 1970 தேர்தலில் தீவகத்தாரிடம் நேராகக் கேட்டார். தமிழரசுக் கட்சியின் அந்த ஆண்டு விஞ்ஞாபனமோ நாட்டைப் பிரிப்பது தமிழருக்கும் நல்லதில்லை, பிரிவினை கேட்பவர்களை ஆதரிக்கவேண்டாம் என்றது. தீவகம் தீர்ப்புச் சொன்னது. நவரத்தினம் தோற்றார், தமிழரசுக் கட்சியின் பண்டிதர் கா. பொ. இரத்தினம் வென்றார்.

ஏழே வருடம். 1977-இல் அதே தொகுதி, அதே கா. பொ. இரத்தினத்தை, இம்முறை தனிநாடு கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணியின் வேட்பாளராகத் தெரிவு செய்தது. வாக்காளர் அவர்களே, வேட்பாளர் அவரே. இடையில் மாறியது என்ன? பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் தமிழரசுக் கட்சி வைத்த சமஷ்டி யோசனை தள்ளப்பட்டது. 1972 அரசியலமைப்பு சிங்களத்தை அரசகரும மொழியாக உறுதிசெய்தது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிறுபான்மையினருக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29-ஆம் பிரிவை விட்டுவிட்டது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிர்கள் போயின. அம்மாநாடுகளை நடத்திவந்த ஆராய்ச்சி மன்றத்தை 1964-இல் தொடங்கிவைத்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் பிறந்தவர். 1976-இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம்.

பிரிவினை எண்ணம் தமிழரின் இரத்தத்தில் ஊறியது என்று தெற்கில் சொல்பவர்களும், அது தொன்றுதொட்டு வந்த தேசத்தின் இயல்பான வேட்கை என்று வடக்கில் சொல்பவர்களும் 1970-இன் ஊர்காவற்றுறை முடிவைப் பார்க்கவேண்டும். ஒற்றுமைக்காக விழுந்த வாக்கு அது. அதிகாரம் பகிர 1957-இல் எழுதப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதென்று சொல்வோம். உண்மையில் அடுத்த ஆண்டு ஏப்ரலில், பிக்குமார் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் குந்தியிருக்க, கைவிடப்பட்டது. டட்லி–செல்வா ஒப்பந்தம் 1965-இல் எழுதப்பட்டு நிறைவேறாமல் போனது. இரண்டு முறை ஏமாந்த பிறகும் 1970-இல் தீவகம் பிரிவினையை மறுத்தது. மூன்றாவது தடவை மறுமொழியாக வந்தது 1972.

போர்க்காலத்தை விரித்து எழுத இடமில்லை. ஆனால் இரண்டு நாட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் போகமுடியாது. 1985 மே 14: விடுதலைப் புலிகள் அநுராதபுரத்தில், போதிமரத்தடியில் கும்பிட வந்தவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட சிங்களப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். மே 15: நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். குமுதினிக்கு ஒவ்வொரு மே மாதமும் நெடுந்தீவில் விளக்கேற்றுகிறோம். முதல்நாள் அநுராதபுரத்தை அந்த மேடையில் ஒருவரும் சொல்வதில்லை. அநுராதபுரத்தை நினைப்பவர்கள் குமுதினி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். ஒற்றுமைக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் வைப்பேன்.

1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் இறங்கினார்கள். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஊர்களில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் முடிவில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. காலியான ஊர்களைப் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்ற தொகுப்பாக்கினார். 1994 தேர்தலில் யாழ் மாவட்டத்தின் 9 ஆசனங்கள் தமிழ்க் கட்சியான ஈ.பி.டி.பி.க்குப் போயின, தீவகம் போன்ற அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளில் விழுந்த பத்தாயிரம் சொச்சம் வாக்குகளே அதற்குப் போதுமாயிருந்தன. நாடு ஒன்றாக இருந்தது என்று காட்ட அந்தத் தேர்தல் உதவியது.

நாட்டை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினால் பாதிக் கதை. எங்களுக்குள் எத்தனை நாடுகள் இருந்தன என்பதைப் புங்குடுதீவுக் கிணறு சொல்லும். உவர்நீர்த் தீவில் நன்னீர்க் கிணறு என்றால் உயிர். 1971-இல், ஒடுக்கப்பட்ட சாதியினரும் கண்ணகி அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் அள்ளவேண்டும் என்று போராட முன்னின்றவர் எழுத்தாளர் மு. தளையசிங்கம். பொலிஸ் அடித்தது, அடைத்தது. 1973-இல், நாற்பது வயதை எட்டாமல், அவர் இறந்தார். அடித்தது சிங்கள அரசின் பொலிஸ் என்று எழுதித் தப்பிக்கலாம். கிணற்றைப் பூட்டிவைத்தது நாம். இனப்பிரச்சினையை ‘ஒரு தனி வீடு’ நாவலில் தொட்டவர், தன் ஊரின் கிணற்றடியில் நின்று அதே கேள்வியைக் கேட்டார் என்பதில்தான் தளையசிங்கத்தின் பெருமை இருக்கிறது. தமிழ் அரசியல் அவரை இலக்கியவாதியாக மட்டும் நினைவில் வைத்திருப்பது வசதியான மறதி. சமத்துவம் கேட்டுக் கொழும்புக்குப் போகிறவன் ஊரில் அதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவர் காலத்திலேயே கேட்கப்பட்டது. 1968-இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவு திறக்கக் கேட்டவர்களும் கேட்டார்கள். இரு தரப்பினருக்கும் எங்கள் பெரிய தலைவர்கள் சொன்ன பதில் தெளிவில்லாதது.

இன்றைய நிலையில் நம்பிக்கைக்கு இடமுண்டா? உண்டு என்பேன். அதற்கான சான்று நான் எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது: மீன். நெடுந்தீவுக் கடலில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் இரவோடிரவாக வந்து அடிக்கடலை வழித்துச் செல்கின்றன. வலை அறுபடுகிறது, குஞ்சும் முட்டையும் போகிறது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில் பக்கத்தில் முழந்தாளிடும் அதே இராமேசுவரத்தார். மொழி ஒன்று, மதம் ஒன்று, சம்மாட்டியின் இலாபம் வேறு. நெடுந்தீவு மீனவன் இப்போது யாரைக் கூப்பிடுகிறான்? கடற்படையை. குமுதினியின் நினைவு மங்காத கரையில் நின்றுகொண்டு, கடற்படை ஏன் இன்னும் கூடுதலாகப் பிடிக்கவில்லை என்று ஆர்ப்பாட்டம் செய்கிறான். 2017-இல் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டமாக நிறைவேறியது. தமிழ் உறுப்பினரின் யோசனையை முழுப் பாராளுமன்றமும் சட்டமாக்கிய அரிய நிகழ்ச்சி. மீனவன் கடற்படையை மன்னித்துவிட்டான் என்று இதற்குப் பொருள் சொல்லவேண்டாம். தன் வலைக்குப் பொறுப்பேற்கும் அரசைத் தன் அரசு என்று உரிமையோடு திட்டத் தொடங்கிவிட்டான்.

வெளியார் இத்தீவுகளைப் பார்க்கும் பார்வை வேறு. 2021 தொடக்கத்தில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய, காற்று மின் திட்டம் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா முகம் சுளித்தது. அந்த வருட இறுதியில் சீனா விலகியது. பிறகு இந்திய மானியத்தில் அதே திட்டம். இரண்டு வல்லரசுகள் பேசி முடிவெடுத்த அந்தக் காலமெல்லாம் தீவார் டீசல் இயந்திரத்தின் மின்னோடு காத்திருந்தார்கள்.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சியொன்று இங்கே முதலிடம் பெற்றது வரலாற்றில் முதல்தடவை. முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்த ஈ.பி.டி.பி.யின் டக்ளஸ் தேவானந்தா ஆசனம் இழந்தார். கொழும்பில் சிலர் இதைத் தமிழ்த் தேசியத்தின் முடிவு என்று கொண்டாடினார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தபோது வேறு சிலர் அதைத் தேசிய மக்கள் சக்தியின் முடிவு என்றார்கள். இரண்டு பேரும் வாக்காளனைச் சரியாக வாசிக்கவில்லை. கைமாற்றாக ஒன்றைக் கொடுத்துப் பார்த்தவன், ஆறு மாதத்தில் ஒரு தவணையை நினைவூட்டினான், அவ்வளவுதான். 1931-இலும் 1970-இலும் கொடுத்ததன் தொடர்ச்சி இது.

2025 செப்டம்பர் முதலாந் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவுக்குப் படகில் போனார். நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்ட அந்த மண்ணை எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்ற செய்தி அதில் இருந்தது. மண்ணைப் பற்றிய செய்தி இராமேசுவரத்துக்கும் டெல்லிக்கும் விளங்கியிருக்கும். தீவகத்தார் காத்திருக்கும் செய்தி வேறு. 2013 செப்டம்பரில் இவர்களும் வரிசையில் நின்று வாக்களித்துத் தெரிவு செய்த வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 13-ஆம் திருத்தம் தந்த அந்தக் குறைந்தபட்ச ஏற்பாட்டைத் தமிழர் பலர் போதாது என்றார்கள், சிங்களவர் பலர் கூடிப்போனது என்றார்கள். தீவகம் தெற்கின் கட்சிக்கு வாக்களித்த 2024 நவம்பர் 14 அன்று அந்தச் சபையின் ஆசனங்கள் ஆறு வருடமாக வெறுமையாய்க் கிடந்தன. இம்முறை அவற்றை வெறுமையாக விட்டவர்கள் வாக்காளர்களல்லர்.